குளிர் அறையில் வேர்வை

விடிந்தும் விடியாத ஐந்தரை மணிக்கே முதல் தட்டு வந்துவிடும். தட்டுக்கு நூறு சிரிஞ்சு. ஒவ்வொன்றாக எடுத்து, விளக்கொளியில் சாய்த்து, குமிழி இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு டிகிரிக் குளிரில், எட்டு மணி நேரம், நின்றுகொண்டே! கையுறைக்குள் இருக்கும் விரல் தன்னுடையதுதானா என்று அண்ணிக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

தொழிற்சாலையே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். பக்கத்து மேசையில் நிற்கும் நாத்தனார் பழக்கிவிட்டது அது.

சிரிஞ்சுக்குள் இருப்பது சர்க்கரை நோய்க்கான மருந்து கலந்த ஜெல். குளிரில் தண்ணீராய் ஓடும். உடம்புச் சூடு பட்டதும் கெட்டியாகித் தோலுக்கடியில் தங்கி, ஒரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும். தினமும் ஊசி குத்திக்கொள்ளும் தொல்லை இல்லை. நாத்தனாருக்கும் சர்க்கரை நோய்தான். ஆனால் அவள் தினமும் வயிற்றில் குத்திக்கொண்டுதான் இதைப் பார்த்துக் கொடுக்க வருகிறாள். என்ன கொடுமை பாருங்கள்!

குத்திக்கொண்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பத்து மணி இடைவேளை அதற்கு உதவியது. போன வாரம் அதையும் பிடுங்கிவிட்டார்கள். வெளியே போய்வந்தால் கை சூடாகிறதாம், சூடான கை பட்டால் ஜெல் உறைகிறதாம். அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும், ஒரே வீட்டில் இரண்டு வேலையும் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

இன்று பத்தேகாலுக்கு நாத்தனாரின் நெற்றி வேர்த்தது. அந்தக் குளிரில் வேர்வை!

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி... விளக்கு ரெண்டா தெரியுது."

சொல்லும்போதே கால் மடங்கியது. "யாரும் இடத்தை விட்டு நகராதீங்க!" என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருக்க, அண்ணியும் இன்னும் மூன்று பேரும் அவளை வெளியே தூக்கிவந்து, சர்க்கரைத் தண்ணீரை மெல்லப் புகட்டினார்கள். அவள் கண்ணில் உயிர் வந்த பிறகுதான் அண்ணிக்கு மூச்சு வந்தது. கூடவே தன்மேலேயே ஆத்திரமும் வந்தது. ஒரு வாரம் ஊமையாக இருந்தவள்தானே!

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"நோயாளியை யாரும்மா வேலைக்கு வரச்சொன்னது? நாளையிலிருந்து இவ வீட்டுல இருக்கட்டும். மத்தவங்க உள்ள போங்க."

"நோயாளிக்குத்தானே சார் மருந்து செய்யறீங்க?" என்றாள் அண்ணி.

"கை சூடானா மருந்து கெடும். அது விஞ்ஞானம். நான் போட்ட சட்டமில்ல."

"கை ஆற அஞ்சு நிமிஷம் போதும் சார். அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவா எங்க வயித்துல அடிச்சீங்க?"

"அப்ப நீயும் இவகூடப் போ."

எதற்குப் பயந்தாளோ அது வந்தேவிட்டது. அண்ணி விறுவிறுவென்று உள்ளே போனாள். பாதியில் விட்ட தட்டைக் குளிர்பெட்டியில் வைத்து மூடினாள். யாரோ ஒருவருக்குப் போக வேண்டிய மருந்து, அது என்ன பாவம் செய்தது? திரும்பி வந்து அலமாரியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள்.

பின்னால் குளிர்பெட்டிகள் ஒவ்வொன்றாக மூடப்படும் சத்தம் கேட்டது. மீதிப் பதினாறு பேரும் வந்தார்கள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மிஷின்காரர்கூட மிஷினை நிறுத்திவிட்டு டப்பாவோடு வந்தார்.

"எங்கய்யா எல்லாரும்?" என்றார் முதலாளி.

"பத்து மணி சாப்பாடு சார்," என்றார் மிஷின்காரர்.

"மணி பத்தே முக்கால்!"

"ஒரு வாரமா எங்களுக்குப் பத்தே அடிக்கல சார். இப்பத்தான் அடிக்குது."

தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாளை கதவு திறக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. நாத்தனார் அழுதாள்.

"என்னால எல்லார் கையும் சூடாயிடுச்சு அண்ணி. இனி உள்ளயே விடமாட்டாங்க."

"பதினெட்டுப் பேரையும் வெளிய நிறுத்திட்டு யாரை வச்சு வேலை வாங்குவாராம்? நீ முதல்ல சாப்பிடு."