கறுப்பை யார் எடுத்து வைப்பது

எட்டாம் நம்பர் பந்து கறுப்பு. எட்டும் சனி, கறுப்பும் சனி. அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில் அந்தப் பந்துக்கு வேறு பெயரே கிடையாது. மிஷின் மாட்டிக் கொடுக்க வந்த அமெரிக்க இஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது பில்லியர்ட்ஸ் மாதிரி குச்சியால் ஆடுகிற பூல் ஆட்ட மேஜையைத் தொழிலாளர் மனமகிழ் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கொடுத்தது மேஜையும் குச்சிகளும் பந்துகளும்தான். சனியைச் சேர்த்துக்கொண்டது நம்ம ஆட்கள்.

கோடு போட்ட ஏழு பந்துக்குப் பட்டை என்றும், கோடில்லாத ஏழுக்கு மொட்டை என்றும் பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் மொட்டை, ஒருவர் பட்டை; முதலில் எதைக் குழியில் தள்ளுகிறாரோ அதுதான் அவருக்கு. வெள்ளைப் பந்தால் அடித்துத் தன் ஏழையும் குழியில் தள்ளிவிட்டுக் கடைசியில் சனியைத் தள்ளுகிறவர் ஜெயித்தவர். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் என் புருஷன் கன்னியப்பன் என்னோடு உட்கார்ந்து பேசியது பெரும்பாலும் இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் பாயில் புளியங்கொட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எந்தப் பந்தை எப்போது அடிக்கணும் என்று விளக்குவார். பெண்டாட்டியிடம் வேறு என்ன பேசுவது என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. நானும் உம் கொட்டிக்கொண்டு கேட்பேன். வாரத்தில் எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

அவருக்கு எப்போதும் நைட் ஷிப்டு. உலைக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க இரண்டு பேர் நிற்க வேண்டும், அவர் ஒருவர், தேவராஜ் இன்னொருவர். எனக்கு ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கிற வேலை, அது பகலில். காலையில் நான் கொரட்டூர் ஸ்டேஷனுக்கு ஓடும்போது அவர் சைக்கிளில் எதிரே வருவார். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சாவியைக் கொடுத்து, குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவேன். சாயங்காலம் நான் வீடு சேர்ந்தால் அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். இதற்குப் பெயர் குடித்தனம்.

எழுபத்திரண்டில் பகல் ஷிப்டில் ஒரு இடம் காலியானது. கன்னியப்பனும் தேவராஜும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே சம்பளம். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவன் முறைப்பான் என்று ஃபோர்மேன் ஜானகிராமன் நைசாகக் கழன்றுகொண்டார். நீங்களே பேசி முடிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டார். தேவராஜ் கல்யாணமாகாதவன், நாடக சபாவில் வேஷம் கட்டுகிறவன், ஒத்திகை எல்லாம் சாயங்காலத்தில். அவனுக்கும் அந்த இடம் வேண்டும்தான். இரண்டு பேரும் பேசி முடித்த லட்சணம் இது: ஆயுத பூஜை அன்றைக்கு ஒரே ஒரு ஆட்டம், ஜெயிக்கிறவன் பகலுக்குப் போகிறான். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் குடித்தனத்தைக் கொண்டுபோய் ஒரு மேஜை மேல் வைத்துவிட்டு வந்து நிற்கிறார்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்த பிறகு கூட்டம் மன்றத்துக்கு வந்துவிட்டது. பூல் மேஜையின் காலுக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தார்கள். மன்றத்துச் செயலாளர் பரந்தாமன்தான் நடுவர். காசைச் சுண்டிப் போட்டதில் அடுக்கிய பந்துகளை முதலில் அடித்து உடைக்கிற வாய்ப்பு தேவராஜுக்குப் போனது.

தேவராஜ் ஓங்கி அடித்தான். பதினைந்து பந்தும் சிதறின. சனி உருண்டுபோய் மூலைக் குழியில் விழுந்தது. அவன் பக்கத்து ஆட்கள் அவனைத் தூக்கியே விட்டார்கள், ஏனென்றால் உடைக்கும்போதே சனி விழுந்தால் உடைத்தவன் ஜெயித்தான் என்பது அங்கே சட்டம். ஆனால் வெள்ளை இன்னும் நிற்கவில்லை. ஓரத்தில் இடித்துத் திரும்பி, நடுக் குழியின் விளிம்பில் தயங்கி, உள்ளே போய்விட்டது.

“எறக்கி உடுங்கபா அவனை,” என்றார் பரந்தாமன். “வெள்ளை உழுந்துட்சி. ஃபௌலு.”

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சட்டத்தைச் சொன்னார். கன்னியப்பனுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சனியை எடுத்து அதன் புள்ளியில் வைத்துவிட்டு, வெள்ளையை, மேஜையின் ஒரு முனையில் குறுக்கே போட்ட தலைக்கோட்டுக்குப் பின்னால் தனக்குப் பிடித்த இடத்தில் வைத்து ஆடலாம். கோட்டைத் தாண்டியிருக்கிற பந்தைத்தான் முதலில் அடிக்க வேண்டும். இன்னொன்று, எல்லாவற்றையும் மறுபடி அடுக்கச் சொல்லித் தேவராஜையே உடைக்க வைக்கலாம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புளியங்கொட்டையில் பாடம் படித்த எனக்கே தெரிந்தது. குழிக்குப் பக்கத்தில் இரண்டு பட்டை ‘என்னை அடி’ என்று நின்றன, ஆனால் வேறு மூன்று பட்டை கோட்டுக்குப் பின்னால் ஓரத்தில் ஒட்டிக்கிடந்தன. அவற்றை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். மொட்டை அத்தனையும் கோட்டைத் தாண்டி விலகி விலகி நின்றன. முதல் அடி கொஞ்சம் கஷ்டம், அப்புறம் வரிசையாக எடுத்துக்கொண்டே போகலாம். பந்து விழுவதைப் பார்க்காதே, வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று பார் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

அவர் சனி விழுந்த குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். விழுந்த சனியைத் திரும்பக் கேட்கிறவன் தன் கையாலேயே எடுத்து வைக்க வேண்டும் என்பது அந்த மன்றத்து வழக்கம். அமெரிக்காவில் நடுவரே வைப்பாராம். பரந்தாமன் சனிக்கிழமை தவறாமல் எள் விளக்கு ஏற்றுகிறவர், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அவனே உடைக்கட்டும்,” என்றார் என் புருஷன்.

கூட்டம் சலசலத்தது. தேவராஜுக்கே நம்ப முடியவில்லை. “இன்னா மச்சான், நெசமாத்தான் சொல்றியா?” என்று கேட்டான்.

நான் எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும்.

“இன்னாய்யா, பேஜாரு பண்றே? கைல கெடச்சதைத் தூக்கி அவன்கிட்ட குடுக்கறே?”

“உனுக்குத் தெரியாது நாகு. சொம்மா இரு.”

“இன்னா தெரியாது? பகலுக்கு வர இஷ்டம் இல்லியா? அதையாச்சும் சொல்லித் தொலை.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அஷ்டமத்துல சனி கீதாம். வானகரத்து ஜோசியரு சொன்னாரு, எனுக்கு ஒண்ணும் ஆவாதாம், பொண்டாட்டிக்குத்தான் கெடுதலாம். போன தையில பாத்தோமே. போன சனியை என் கையால கூட்டியாந்து வெக்கச் சொல்றியா?”

போன தை மாதம் எனக்கு மூன்று மாதத்தில் கலைந்துபோனது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் அதை உள்ளே வைத்துக்கொண்டு யாரோ ஜோசியரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோபத்தோடு வந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கோபம் போகவில்லை.

“அன்னிக்கு நீ உலையாண்ட நின்னுகினு இருந்தே,” என்றேன். “நான் கதவாண்ட கெடந்து பக்கத்தூட்டு தாயம்மாவைக் கூப்டுகினே இருந்தேன். அதுக்குக் காது கேக்கல. என்னைத் தனியா உட்டது சனியா? நைட் ஷிப்டுய்யா.”

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

நான் உள்ளே போனேன். மூலைக் குழியின் வலைக்குள் கையை விட்டுக் கறுப்பை எடுத்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, அவ்வளவுதான். பச்சைத் துணியில் எந்தப் புள்ளி என்று பரந்தாமனிடம் கேட்டேன். அவர் எட்டி நின்றே விரலைக் காட்டினார். வைத்துவிட்டேன்.

“பொம்பளை வெச்சா செல்லுமா?” என்றான் தேவராஜின் ஆட்களில் ஒருவன்.

“பொண்டாட்டி கை புருஷன் கைதான்,” என்றார் பரந்தாமன். தன் தலையில் விழாமல் போனதில் அவருக்கு ஒரே சந்தோஷம். “கன்னியப்பா, ஆடு.”

என் புருஷன் உள்ளே வந்து வெள்ளையைக் கோட்டுக்குப் பின்னால் வைத்தார். குழியோரத்துப் பட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்த மொட்டை ஒன்றை மெல்ல வெட்டிக் குழியில் இறக்கினார், வெள்ளை அடுத்த மொட்டைக்கு எதிரே போய் நின்றது. நாலு மொட்டை போன பிறகு ஒன்று தவறியது. தேவராஜ் தன் சுலபமான இரண்டையும் எடுத்துவிட்டு, கோட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்தவற்றோடு மல்லுக்கட்டி வெள்ளையைத் தப்பான இடத்தில் விட்டான். அதற்கு மேல் அவனுக்கு முறை வரவில்லை. கடைசியில் மேஜையில் சனி நின்றது. அதை அடிக்கும் முன் அவர் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் தலையாட்டினேன். நேரே போய் விழுந்தது.

“நீ போ மச்சான்,” என்று தேவராஜ் கையைக் கொடுத்தான். பாவம், அவன் முகம் வாடித்தான் இருந்தது. அதற்காக நான் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்த திங்கட்கிழமை அவர் பகலில் வேலைக்குப் போனார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து சேரவும் அவர் சைக்கிளை நிறுத்தவும் சரியாக இருந்தது. ஆசைப்பட்டது நடந்துவிட்டது, ஆனால் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. என்ன குழம்பு என்று கேட்டார். கருவாட்டுக் குழம்பு என்றேன். சாப்பிடும்போதே அவருக்குத் தலை தொங்கியது. கை கழுவியவர் பாயில் விழுந்தார், அடுத்த நிமிஷம் குறட்டை. இதற்கா இந்தப் பாடு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விளக்கை அணைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ராத்திரி விழித்தே பழகிய அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலும் தூக்கம் வராது, விடிய விடிய மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். இருட்டின பிறகு அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையை நான் படுக்கிற பக்கமாக நீட்டிக்கொண்டு தூங்கினார். விளக்கை அணைத்துவிட்டு வந்து, அந்தக் கையை நகர்த்தாமல் அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன்.