ஆராயியின் வயது

வாயைத் திறக்கச் சொன்னால் போதும், பிள்ளையின் வயதைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் வேலைக்குச் சேர வரும் பிள்ளைகளைப் பார்த்து வயதுச் சான்று எழுதுகிற டாக்டர் நான். பதினாலு முடிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். வருகிற எல்லாப் பிள்ளைகளும் பதினாலு என்றுதான் சொல்லும். உயரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அரைவயிற்றுக் கஞ்சியில் வளர்ந்தது பதினாலிலும் பத்து போலத்தான் நிற்கும். பல் அப்படியில்லை. சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதனதன் காலத்தில் முளைத்துவிடும். பன்னிரண்டை ஒட்டி, வாயின் உள்ளே இரண்டாவது கடைவாய்ப் பல் எட்டிப் பார்க்கும். அது இல்லாமல் யாராவது பதினாலு என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

1968 ஆடி மாதத்தில் பாஞ்சாலை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் இல்லை. கம்பெனியில் மண் சுமந்து சுமந்து அவளுக்கு இடுப்பு போய்விட்டது. ஃபியூஸ் கட்டைகளில் பிசிறு சுரண்டும் வேலைக்கு மகளைச் சேர்த்துக்கொள்வதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். இது கிடைக்காவிட்டால் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்களோடு அனுப்ப வேண்டியதுதான், பொம்பளைப் பிள்ளையை அங்கே எப்படித் தனியாக விடுவது என்று சொல்லிக்கொண்டே சீட்டை நீட்டினாள். பிறப்புப் பதிவின் நகல் அது. பெயர் ஆராயி, பிறந்தது 1954 தை. கிராம முனிசீப்பின் முத்திரை அசலாகவே இருந்தது.

பிள்ளையின் வாயைத் திறக்கச் சொன்னேன். மேலே கோரைப் பற்கள் இரண்டும் இன்னும் பால் பற்கள். ஒன்று தொட்டால் ஆடியது. கடைவாய்ப் பல் வரவேண்டிய இடத்தில் ஈறு வழவழவென்று கிடந்தது. பதினொன்றுக்கு மேல் ஒரு நாள்கூட இருக்காது. யார் வீட்டுப் பிள்ளையின் சீட்டை வாங்கி வந்தாய் என்று கத்தினேன்.

"இவளுதுதாங்க ஐயா. நான் பெத்து, நானே போயி எழுதி வெச்சதுங்க."

பொய் சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். இவள் பார்த்தாள். அதோடு நான் விட்டிருக்கலாம், வீம்பு விடவில்லை. அவளைக் குனியவைத்து மகளின் வாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினேன். பதினாலு வயதுப் பிள்ளைக்கு இந்த இடத்தில் பல் இருக்கும், இதற்கு இல்லை, அப்படியானால் மூன்று வருஷம் எங்கே போனது என்று கேட்டேன்.

பாஞ்சாலை பதறாமல் சொன்னாள். ஆராயி இரண்டரை வயதில் வாந்திபேதி கண்டு போயிருந்தாளாம், ஊருக்குப் போனவளைச் சொல்வதுபோல. புதைக்கும்போது காதுக்குப் பின்னால் மை தொட்டு வைத்து அனுப்பினாளாம். மறு வருஷமே அதே இடத்தில் மச்சத்தோடு வந்து பிறந்துவிட்டாளாம். அதனால் வயதை முதல் பிறப்பிலிருந்தே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"செத்ததை முனிசீப்புகிட்ட சொல்லலியா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க? அவதான் வந்துட்டாளே."

இரண்டாவது பிறப்பையும் அதே காரணத்தால் பதியவில்லை. சான்று தர முடியாது என்று சொல்லி அனுப்புவதோடு என் வேலை முடிந்தது. நான் அதோடு நிற்கவில்லை.

"வரலம்மா. அது செத்துப்போச்சு. இது வேற பிள்ளை. பல்லு பொய் சொல்லாது."

பாஞ்சாலை மகளின் முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். காலையில்தான் பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல அழுதாள். பன்னிரண்டு வருஷமாக அவள் அந்தப் பிள்ளைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை வாயைத் திறந்தபடியே நின்றிருந்தது. மூடு என்று நான் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

1971 சித்திரையில் அந்தப் பெண் தனியாக வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும், கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பற்கள் மேலும் கீழுமாக நான்கும் வந்திருந்தன. கைகளில் கரும்புச் சோகை கிழித்த தழும்புகள். மூன்று வருஷம் பெண்ணாடத்தில்தான் இருந்திருக்கிறாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று தயங்கித்தான் கேட்டேன்.

"வூட்டுலதான் இருக்குது. செத்துப்போனவளுக்கு வருஷா வருஷம் படைக்குது. என்னைத்தான் அன்னிலேர்ந்து பேர் சொல்லிக் கூப்புடறதில்லீங்க. இந்தான்னு கூப்புடுது."

அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். சான்றுத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். வயதை நான் மதிப்பிட்டு எழுதிக்கொள்ளலாம், பெயர் என்ன எழுதட்டும், உனக்குப் பிடித்ததாக ஒன்று சொல் என்றேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவசரப்படுத்தாமல் இருந்தேன்.

"ஆராயின்னே எழுதுங்க. எனக்கும் வேற பேரு தெரியாதுங்க. வயசு மட்டும் என்னோடதா இருக்கட்டும்."

ஆராயி, வயது பதினான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பார்த்துப் போ ஆராயி என்றேன். சரிங்க என்று வாசல்வரை போனவள், திரும்பி வந்து மேசைக்கு எதிரே நின்றாள். ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள்.