அறிவுக்குச் சுற்றிப்போட்ட மிளகாய்

தாராவிப் படிப்பகத்தின் கரும்பலகையில் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே எழுதிப்போட்டுவிட்டார்கள். இன்று மாலை ஆறு மணிக்கு, "கண் திருஷ்டி என்னும் கட்டுக்கதை", பேசுபவர் தோழர் பிரம்மநாயகம். பேசப்போகிற தோழரோ, காலை ஒன்பது மணிக்கு லாயத்தின் சாக்குப் படுதாவை இழுத்து மூடிக்கொண்டு, கை நிறைய மிளகாய் வத்தலோடு தன் குதிரை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. பயம் வந்தால் கறுப்புச் சட்டைக்கும் வேர்க்கத்தான் செய்யும்.

பிரம்மநாயகத்துக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் குதிரைவண்டி. பிள்ளைகுட்டி இல்லை. இருந்த பாசத்தையெல்லாம் அந்தச் செவலைக் குதிரைமேல் கொட்டி, அதற்கு அறிவு என்று பெயர் வைத்திருந்தார். அவர் மனைவி முப்பிடாதியம்மாள் அதை மாரி என்றுதான் கூப்பிடுவாள். குதிரை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும். அதற்குக் கட்சி கிடையாது.

வடாலா லாயம் ஒன்றில் போன வாரம் இரண்டு குதிரைக்கு மூக்கு ஒழுகி, உடம்பெல்லாம் கட்டி கிளம்பி, சர்க்கார் ஆட்கள் வந்து சுட்டுவிட்டார்கள். அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டினவனுக்கும் அதே நோய் தொற்றி, ஆஸ்பத்திரியில் தனி அறையில் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கால்நடை டாக்டர் வானமாமலை வண்டிக்காரர் வீடுவீடாக ஏறி இறங்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை காலை அறிவின் வலது கண் கீழ் இமையில் ஒரு ஊசி போட்டார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து பாப்பேன். கண்ணு வீங்கி ஒழுகித்துன்னா நோய் இருக்குன்னு அர்த்தம். குதிரையைச் சுட்டுத்தான் ஆகணும். மனுஷாளுக்கும் ஒட்டற வியாதி ஓய், உம்மையும் சும்மா விடாது."

சனிக்கிழமை முழுக்கக் கண் வீங்கவில்லை. லேசாகத் தடித்திருந்தது, அவ்வளவுதான். நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு நயினார் சாயந்திரம் எட்டிப் பார்த்து, "என்னா பளபளப்புவே. ஊர்க்கண்ணு பட்டுராம பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை பிரம்மநாயகத்தின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு எடுபட மறுத்தது. இருபது வருஷம் மேடையேறிப் பேசினவருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. போனால் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

முப்பிடாதி குழாயடிக்குப் போன நேரம் பார்த்து வத்தல் டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். சுற்றிப்போடுவதைக் கிண்டல் செய்யத்தான் தெரியுமே தவிர, எத்தனை மிளகாய், எவ்வளவு உப்பு என்று அந்த மனிதர் எங்கே கண்டார்? அரை டப்பாவை அள்ளி, குதிரையின் முகத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றி, வெளியே போட்டால் ஊர் பார்க்குமே என்று, மூடின படுதாவுக்குள்ளேயே, கொள்ளு வேகவைக்கிற கரி அடுப்பில் கொட்டினார்.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டாம். குதிரை எகிறிக் குதித்தது. அவர் இருமினார். இருவரும் மாற்றி மாற்றித் தும்மினார்கள். படுதாவை ஒருபக்கமாக ஒதுக்கி, நெடி தெரியாமலிருக்க ஒரு பாட்டில் பினாயிலைத் தரை முழுக்க ஊற்றி, அடுப்பை வைக்கோலுக்குப் பின்னால் தள்ளி நிமிரும்போது மணி பத்து. டாக்டர் வானமாமலையும் கம்பவுண்டர் கரீம் பாட்சாவும் வாசலில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இடுப்பில் குடத்தோடு முப்பிடாதி. சாயந்திரக் கூட்டத்துக்குக் கூப்பிட வந்த படிப்பகத்துத் தோழர் செல்லப்பாண்டி வேறு.

டாக்டர் அறிவின் முகத்தைத் திருப்பினார். வலது கண் வீங்கி, மூடி, தாரைதாரையாக ஒழுகியது. மூக்கும் ஒழுகியது. டாக்டர் முகம் சுண்டிப்போயிற்று. குதிரையை விட்டுவிட்டுப் பிரம்மநாயகத்தைப் பார்த்தார். அவர் கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்து, மூக்கிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"உமக்கு எத்தனை நாளா ஓய் மூக்கு ஒழுகறது?"

கரீம் பாட்சா நாலடி பின்னால் நகர்ந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"குதிரை மூஞ்சியில மூஞ்சி வைப்பீரா?"

"தெனம் முத்தங் குடுப்பாக சாமி," என்றாள் முப்பிடாதி. அவள் குடத்தை இறுக்கிக்கொண்டாள். "எனக்குக்கூட அப்படிக் குடுத்ததில்ல."

"போச்சு," என்றார் டாக்டர். "பாட்சா, ஆஸ்பத்திரி வண்டிக்கு போன் பண்ணு. குதிரையைச் சுடறதுக்கு ஆளை வரச்சொல்லு."

பிரம்மநாயகம் செல்லப்பாண்டியைப் பார்த்தார். கறுப்புச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு பையன் பயபக்தியோடு நின்றான். குதிரையைப் பார்த்தார். அது ஒன்றும் தெரியாமல் அவர் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"சாப், அது நோய் இல்ல," என்றார் மெதுவாக. "நாந்தான் மொளகா சுத்திப்போட்டேன். அடுப்பு அந்த வைக்கோலுக்குப் பின்னால கெடக்கு."

முப்பிடாதி குடத்தைக் கீழே வைத்தாள்.

கரீம் பாட்சா நம்பாமல் வைக்கோலை விலக்கி, அடுப்புக்குள் குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். பிறகு அவரைத் தூக்கி வெளியே உட்காரவைக்க வேண்டியதாயிற்று. ஒன்பது தும்மல் வரை எண்ணினார்கள். டாக்டர் கைக்குட்டையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குதிரைக்குக் காய்ச்சல் பார்த்தார், இல்லை. ஊசி போடாத இடது கண்ணும் அதேபோல் சிவந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தார்.

"ரெண்டு கண்ணையும் பச்சைத் தண்ணியில கழுவிண்டே இரும். நாலு மணிக்கு வருவேன். வீக்கம் வத்தித்துன்னா பொழச்சது. இந்தத் தடவை சாம்பிராணிகூடப் போடப்படாது."

அன்றைக்குப் பிரம்மநாயகம் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். துணியை நனைப்பதும், கண்ணில் வைப்பதும், விலக்கிப் பார்ப்பதுமாக ஆறு மணிநேரம். டாக்டர் நாலு மணிக்கு வந்தபோது அறிவு இரண்டு கண்ணையும் மலர மலர விழித்துக்கொண்டு அவர் பையை முகர்ந்தது. வீக்கம் துளியும் இல்லை. நோயில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிரம்மநாயகம் காகிதத்தை வாங்கிக்கொண்டு, குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதார். அதற்கு மிளகாய் காரணமில்லை.

ஐந்தரைக்கு முப்பிடாதி அவருடைய கறுப்புச் சட்டையை உதறி லாயத்துக்குக் கொண்டுவந்தாள்.

"எரியயில நெடி வந்துச்சா?"

"தெருவே இருமிச்சு."

"அப்பத் திருஷ்டியே இல்ல. திருஷ்டி இருந்தா நெடி வராது. இதுகூடத் தெரியாமத்தான் இருவது வருசமா மேடையில பேசுதீயளாக்கும். ஏழு வத்தலு போட்டாப் போதும். அரை டப்பாவக் கொட்டி வச்சிருக்கீய."

பிரம்மநாயகம் சட்டையில் கையை நுழைத்தார்.

"செல்லப்பாண்டி ஒருத்தங்கிட்டயும் சொல்லமாட்டேன்னு போயிருக்கான். தைரியமாப் போய்ப் பேசுங்க," என்றவள், அவர் சட்டைக் காலரை நீவிவிட்டாள். "போன வருசம் டைபாயிடுல மூணு வாரம் கெடந்தேன். எனக்கு ஒரு வத்தலு சுத்திப்போடத் தோணலயே ஒங்களுக்கு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. அவருக்குச் சுருக்கென்றது. பித்தானைப் போடாமல் அப்படியே நின்றார். வெளியே செல்லப்பாண்டி, நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தான்.

பிரம்மநாயகம் படுதாவை இழுத்து மூடி, அவளை வைக்கோல் மேல் உட்காரவைத்தார்.

"ஏழு வத்தலுன்னு சொன்னியே, முப்பிடாதி," என்றார். "உப்பு எவ்வளவு?"