இருபத்திநாலு இஞ்சு பாட்டம்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு கேலிக் கட்டுரையாகத்தான் தொடங்கியது. போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு துணிக்கடை வாசலில் பொம்மைக்குப் பேரலல் பேன்ட் மாட்டியிருந்தார்கள். தரையைக் கூட்டிப் பெருக்கும் அதே அகலம், அதே தொளதொளப்பு. கல்லூரி நாளில் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு நான் எடுத்த போட்டோவை இருபது வருஷமாக மனைவி கண்ணில் படாமல் காப்பாற்றி வருகிறேன். அடப்பாவிகளா, புதைத்துப் பாலும் தெளித்தாயிற்றே, எப்படி எழுந்து வந்தது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது வைட் லெக், புதுசு என்றார்.

சிரிப்பாக நாலு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது பத்தியில் காசிமாயன் வந்து ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2.

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

'மலையிலிருந்து மேகம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலை வேளையில்...' (வேண்டாம். போடிக்காரன் எவனும் இதற்கெல்லாம் அண்ணாந்து பார்க்க மாட்டான்.)

'ஃபேஷன் என்பது ஒரு சக்கரம். அது...' (இதை எழுதிய கையை ஒடிக்க வேண்டும்.)

மூன்றாவது, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது. காசிமாயனுக்கு ஐம்பது வயது. ஜீப்பு ஓட்டுகிறவன். ராசிங்காபுரத்துப் பெண்களை விடிகாலையில் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு ஏறி, ஏலக்காட்டில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது முப்பது வருஷமாக அவன் சோலி. இப்போது முழங்கால் போய்விட்டது. கிளச்சை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் திங்கட்கிழமை முதல் மகன் பிரதீப் தனியாக வண்டி எடுக்கிறான். நல்ல ஓட்டம்தான். லைசென்சு இருக்கிறது, நிதானமும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரதீப் தேனியிலிருந்து புது பேன்ட் ஒன்று வாங்கிவந்து கட்டிலில் விரித்தான். காசிமாயன் பார்த்தான். அடிப்பக்கத்தைக் கையால் அளந்தான். மடித்த மடிப்பிலேயே ஒரு சாணும் நாலு விரலும் இருந்தது. இருபத்திநாலு இஞ்சு என்று அவன் மனசு கணக்குப் போடாமலே சொல்லிற்று.

"இதப் போட்டுக்கிட்டா நாளைக்கு வண்டி எடுக்கப் போற?"

"ஆமாப்பா. ஏன்?"

அந்த ஏனுக்குப் பதில் காசிமாயனிடம் இருந்தது. ஆனால், நல்லாவா இருக்கு, கோமாளி மாதிரி, என்று ஏதோ முனகிவிட்டு வெளியே போய்விட்டான். அந்தக் காலத்து ஆள் அப்படித்தான் பேசுவார் என்று மகன் சிரித்துக்கொண்டான்.

3.

அந்தப் பதிலை நான் சொல்கிறேன்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் காசிமாயன் ஊரிலேயே முதல் ஆளாகப் பேரலல் தைத்துப் போட்டவன். டெய்லர் இருபது இஞ்சு போதும் என்றதற்கு, இருபத்திநாலு வையுங்கள் என்று அடம்பிடித்து வாங்கியவன். அதைப் போட்டுக்கொண்டுதான் அன்றைக்கும் வண்டி எடுத்தான். பதினோராவது கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு லாரி இறங்கியது. நிறுத்தி வழிவிட வேண்டும். கிளச்சை மிதித்து, ஆக்சிலேட்டரிலிருந்து வலது காலை எடுக்கப் பார்த்தான். கால் வரவில்லை. பேன்ட்டின் அடிமடிப்பு ஆக்சிலேட்டர் கம்பியில் மாட்டிக்கொண்டது. பிரேக்கு பக்கத்தில்தான் இருக்கிறது, எட்டவில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. உள்ளே பன்னிரண்டு பெண்கள், பின்னால் பள்ளம். ஒரே இழுப்பில் துணி கிழிந்து கால் விடுபடுவதற்குள் வண்டி ஓரக்கல்லில் முட்டி நின்றுவிட்டது. புண்ணியம்.

ஆனால் முன்சீட்டில் இருந்த பொன்னுமணி அதற்குள் குதித்திருந்தாள். வலது கால் முறிந்தது. இன்றைக்கும் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறாள்.

என்னடா ஆச்சு என்று எல்லாரும் அலறியபோது காசிமாயன் வாயில் வந்த முதல் சொல், பிரேக்கு பிடிக்கல.

(யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பன்னிரண்டு பெண்களுக்கு நடுவில், கால் முறிந்தவள் ஓலமிடும்போது, என் பேன்ட் பெரிசு என்று எந்த இருபத்திரண்டு வயசுக்காரனால் சொல்ல முடியும்? என்னால் முடியாது. அந்தப் போட்டோவையே காட்ட முடியாதவன் நான்.)

அந்தப் பிரேக்கை முந்தின நாள் சரிபார்த்துக் கொடுத்தவர் மெக்கானிக் வெள்ளைத்துரை.

4.

இந்த இடத்தில் எனக்குக் காசிமாயன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பயந்து சொன்ன பொய்யை மறுநாளாவது மாற்றியிருக்கலாமே. மறுவாரம்? வெள்ளைத்துரை பட்டறைக்கு ஜீப்புகள் வருவது ஒவ்வொன்றாக நின்றபோது? 'அவன் நல்லவன்தான், சந்தர்ப்பம்தான்...' என்று எழுதி அடித்தேன். நல்லவன் என்று ஆசிரியர் சர்டிபிகேட் கொடுத்தால் ஆயிற்றா?

வெள்ளைத்துரை இப்போது ஜீப்புகள் கிளம்பும் முக்கில், டீக்கடை ஓரமாகப் பஞ்சர் ஒட்டுகிறார். இதில் கொடுமை என்னவென்றால், தப்பு தன்னுடையதுதான் என்று அவரே நம்புகிறார். எந்த நட்டை முடுக்காமல் விட்டேன், எந்த நட்டை விட்டேன் என்று டீ குடிக்கும்போது தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். தினமும் அந்த ஜீப்பு கிளம்பும் முன் வந்து நின்று, பிரேக்கு பாத்தாச்சா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் போவார். பாத்தாச்சுண்ணே என்று காசிமாயனும் தினமும் சொல்லுவான். ஒரு நாளாவது அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

பொன்னுமணியை நான் முதல் வரைவில் சாகடித்திருந்தேன். கதைக்குக் கனம் வரும் என்ற பேராசை. நாலாவது வரைவில் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இடம் அதுதான். கால் மடக்க முடியாதவளுக்குப் பின்சீட்டு ஆகாது.

5.

முடிவுகளும் மூன்று இருந்தன.

காசிமாயன் பேன்ட்டை ஒளித்துவைக்கிறான். (மகன் இன்னொன்று வாங்குவான். இப்போது கடைக்குக் கடை தொங்குகிறது. ஊரே போட்டுத் திரிகிற ஒன்றை எத்தனை நாள் ஒளிப்பது?)

மகனை உட்காரவைத்து, கால் மாட்டும்பா, பாத்துக்க, என்று மட்டும் சொல்கிறான். (உங்களுக்கு எப்பிடித் தெரியும் என்று மகன் கேட்பான். கேட்காமல் இருப்பானா? அவனும் பெரியப்பா என்று வெள்ளைத்துரையைக் கூப்பிட்டு வளர்ந்தவன்.)

திங்கட்கிழமை காலை பதினோராவது வளைவில் எதிரே ஒரு லாரி...

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஞாயிறு முழுக்கக் காசிமாயனுக்கு இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. மனைவி ரேணுகா என்னவென்று கேட்டதற்கு முழங்கால் என்றான். அந்த முழங்காலும் எத்தனை பொய்யைத்தான் தாங்கும்?

6.

திங்கட்கிழமை. மணி ஐந்தே முக்கால். முக்கில் ஜீப்பு நிற்கிறது. பெண்கள் சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு ஏறுகிறார்கள். மழைக்காலம், காட்டில் அட்டை மொய்க்கும். அதனால் எல்லார் பையிலும் துணிக்கிழிசல் இருக்கும். கணுக்காலில் வரிந்து கட்டி உப்பும் புகையிலைத்தூளும் தடவிக்கொள்வார்கள். காடு போய்த்தான் கட்டுவார்கள், ஜீப்பில் யாரும் கட்டுவதில்லை.

பிரதீப் அந்தப் பேன்ட்டோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தான். காசிமாயன் வண்டிக்கு வெளியே, மகன் கால்மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லு, சொல்லு என்று உள்ளே அடித்துக்கொண்டது.

பொன்னுமணி கடைசியாக வந்தாள். முன்சீட்டுக்குப் போகவில்லை. சாய்ந்து சாய்ந்து வண்டியைச் சுற்றி டிரைவர் பக்கம் வந்து, பையிலிருந்து இரண்டு கிழிசலை எடுத்து நீட்டினாள்.

"காலுல கட்டிக்கப்பா."

"எனக்கு எதுக்கு அத்தை? நான் காட்டுக்குள்ள எறங்கப் போறதில்லையே. அட்டை எங்கிட்டு வருது?"

"அட்டைக்கு இல்ல. கட்டு."

அவன் விழிப்பதைப் பார்த்து அவளே குனிந்து, பேன்ட்டின் அடியை நன்றாக மடித்து, இரண்டு காலிலும் வரிந்து கட்டினாள். (அந்தக் கிழிசல் காசிமாயனுடைய பழைய பேன்ட்டிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தேன். பொய் துருத்திக்கொண்டு தெரிந்தது. அடித்துவிட்டேன். ஏதோ ஒரு சட்டையின் கிழிசல், அவ்வளவுதான்.)

காசிமாயனுக்கு அப்போதுதான் உறைத்தது. இவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது.

பொன்னுமணி நிமிர்ந்தாள். காசிமாயனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒஞ் சீட்டுக்குப் பக்கத்துல இருந்தவ நானு. எங் கண்ணு முன்னாலதான மாட்டுச்சு. நீயாச் சொல்லுவ, நீயாச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருக்கேன், மாயா."

சொல்லிவிட்டுப் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

(அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எந்தெந்தப் பெண்ணை வேலைக்கு ஏற்றுவது என்று தீர்மானிப்பது ஜீப்புக்காரன். நொண்டிக் காலை வைத்துக்கொண்டு அவள் யாரைப் பகைப்பாள்?)

டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெள்ளைத்துரை எழுந்து வந்தார். கையில் கிரீஸ். வழக்கம்போல ஜீப்பின் முன்னால் நின்று, இன்றைக்குப் புது டிரைவர் என்பதால் பிரதீப்பிடம் கேட்டார்.

"அப்பு, பிரேக்கு பாத்தியா?"

பிரதீப் வாயைத் திறப்பதற்குள் காசிமாயன் இரண்டு எட்டு முன்னால் வந்தான். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, அன்னைக்கு பிரேக்கு..."

7.

இந்தக் கதையில் நான் பாதியில் விட்ட வாக்கியங்கள் எத்தனையோ. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன். மேலே உள்ளதை மட்டும் நான் அடிக்கவும் இல்லை, முடிக்கவும் மாட்டேன். அதை முடிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நேற்று அந்தப் போட்டோவை எடுத்து மனைவி முன்னால் வைக்கலாம் என்று போனவன், வைக்காமல் வந்தேன். வெறும் போட்டோ அது, யார் காலையும் முறிக்காதது.

உங்களால் முடிந்தால் முடியுங்கள். வெள்ளைத்துரை கிரீஸ் கையோடு நிற்கிறார். பொன்னுமணி திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அவசரமில்லை, இருபத்தெட்டு வருஷம் பொறுத்தவள். ஆனால் ஜீப்பு ஆறு மணிக்குக் கிளம்பிவிடும்.