பெட்டியில் இருந்த தாள்கள்

கையெழுத்து என்னுடையதுதான். பெயரின் கடைசி எழுத்தை இழுத்து ஒரு சுழி போடுவேன். அந்தச் சுழிகூட அப்படியே இருந்தது. அதற்கு மேலே இருந்த கடிதத்தை மட்டும் நான் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் காப்பிக் கிடங்கில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்கூட்டம். மூன்று வருடமாக நான்தான் தலைவி. அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் அவருடைய உறுப்பினர் இடம் எனக்கு வந்தது. இல்லையென்றால் நானும் மற்றப் பெண்களைப் போல வாசல் பக்கம் நின்று, ஆண்கள் கை தூக்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எங்கள் மலையில் காப்பிப் பழம் பறிப்பது பெண்கள், கழுவுவது பெண்கள், களத்தில் காயவைத்துச் சொத்தை பொறுக்குவதும் பெண்கள். உறுப்பினர் மட்டும் வீட்டுக்கு ஒருவர்தான், அதுவும் புருஷன். அன்றைக்கு அந்த விதியை மாற்றத்தான் வாக்கெடுப்பு. மனைவியும் உறுப்பினர், அவளுக்கும் ஒரு வாக்கு. ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தேன். ஜெயித்துவிடுவோம் என்றுதான் நம்பினேன்.

கூட்டத்தைத் தொடங்க நான் எழுவதற்குள் துணைத்தலைவர் தோன் எலியோதோரோ எழுந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவர் தொப்பியைக் கழற்றினால் யாருக்கோ குழி வெட்டியாயிற்று என்று அர்த்தம்.

"மனசே சரியில்லைங்க," என்றார். "நம்ம தோன்யா ஹசிந்தா, உடம்புக்கு முடியலைன்னு தலைவர் பதவியிலேருந்து விலகுறதா எழுதிக் குடுத்திருக்காங்க."

"யாருக்கு உடம்புக்கு முடியல? நேத்து சாயங்காலம் ரெண்டு மூட்டையத் தூக்கிக் கோவேறு கழுதை மேல வெச்சேன். கழுதைக்குத்தான் முடியல!"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

எங்கள் நிர்வாகக் குழுவில் செயலாளரையும் சேர்த்து ஏழு பேர்; உறுப்பினர் இல்லாத பெண்களும் அதில் இருக்கலாம், பொதுக்கூட்டத்தில் வாக்குதான் கிடையாது. ஒவ்வொரு முடிவுக்கும் ஏழு பேரும் தனித்தனித் தாளில் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். கூட்டம் வார நாட்களில் சாயங்காலம். மே மாதம் மழை பிடித்தால் துறையில் ஆறு இடுப்பளவு ஓடும். ஆண்கள் மோட்டார் சைக்கிளில் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துதான் வரவேண்டும். நான் தலைவியான வருடமே இரண்டு பெண்கள் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். அப்போது நான்தான் ஒரு வழி சொன்னேன். வருடா வருடம் ஜனவரியிலேயே ஆளுக்கு ஐந்து வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு வைப்போம். முடிவை போனில் பேசிக்கொள்வோம், செயலாளர் மேலே எழுதிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு ஒரு பெண்கூட குழுவை விட்டுப் போகவில்லை. எவ்வளவு பெரிய மூளைக்காரி நான் என்று எனக்கே பெருமை.

தாள்கள் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் இருந்தன. பூட்டின் சாவி செயலாளர் பெர்னார்தாவிடம். அவள் உறுப்பினர் இல்லை. எழுத்து அழகாக இருக்கிறதே என்று நான்தான் கூப்பிட்டு அந்த வேலையில் உட்கார வைத்தேன். என் மகளுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று குழந்தையைக் கையில் ஏந்தியவள். அன்றிலிருந்து ஒருவரையொருவர் பெயர் சொல்லாமல் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இந்த வாக்கெடுப்புக்காக என்னோடு எல்லா வீட்டுப் படியும் ஏறியவள் அவள். ஒரே தோர்த்தியா ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டு நடந்திருக்கிறோம்.

கடிதம் அவளுடைய உருண்டை எழுத்தில் இருந்தது. சங்கத்தின் எல்லாத் தாளும் அவள் எழுத்துதான் என்பதால் கூட்டத்துக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை.

அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொமாத்ரே, இத நீயா எழுதுன?"

"நீ சொன்னதத்தான் எழுதுனேன்," என்றாள். தலை நிமிரவில்லை. "செவ்வாக்கிழமை போன்ல சொன்னியே."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவ்வளவு கூசாமல் பொய் சொல்ல இவளுக்கு எப்படி வந்தது? இவளோடா நான் ஆறு மாதம் நடந்தேன்?

அந்தத் தாள் வெறுமையாக இருந்தபோது போட்ட கையெழுத்து என்று கத்த வாயைத் திறந்தேன். மூன்றாவது வரிசையில் கிளெமென்சியா உட்கார்ந்திருந்தாள். வாய் அப்படியே நின்றுவிட்டது.

கிளெமென்சியா விதவை. முன்பெல்லாம் புருஷன் செத்தால் உறுப்பினர் இடம் அவன் தம்பிக்குப் போகும். குழுவில் நாங்கள் அதை மாற்றி விதவைக்கே கொடுத்தோம். பதினொரு பேர் அப்படி வந்தார்கள். அந்த முடிவும் அதே போல முன்கூட்டிக் கையெழுத்திட்ட தாள்களில்தான் எழுதப்பட்டது. இந்தத் தாள் செல்லாது என்று நான் சொன்னால் அதுவும் செல்லாது. கிளெமென்சியாவின் கொழுந்தன் பின்னால் மூட்டை மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்றார் எலியோதோரோ, கருப்பட்டிக் குரலில். "இந்தத் தாளுங்களப் பத்தியா? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அவருக்குத் தெரியும். யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்கும் தெரியும்.

"கையெழுத்து என்னுதுதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவரே தலைவர் நாற்காலிக்கு வந்தார். வாக்கெடுப்பை அடுத்த வருடம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "பொம்பளைங்கள நாங்க மதிக்கிறதில்லன்னு யாரும் பேசிடக்கூடாது பாருங்க. புதுசா கட்டுன காப்பி ருசி பாக்குற கூடத்துக்கு பெர்னார்தாதான் இனிமே பொறுப்பாளர்!" என்றார். ஆண்கள் கை தட்டினார்கள். வாசலில் நின்ற பெண்களும் தட்டினார்கள், அவர்களில் ஒருத்திக்குப் பதவி கிடைத்துவிட்டதாம். அந்தக் கைதட்டல்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

வெளியே பழம் கழுவும் தொட்டி அருகே நின்று முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். பெர்னார்தா பின்னாலேயே வந்தாள்.

"என்னத் திட்டணும்னா திட்டிடு, கொமாத்ரே."

"எதுக்கு இப்படிப் பண்ணுன? இன்னிக்கு ஜெயிச்சிருந்தா நீயும் உறுப்பினர் ஆயிருப்ப."

"வாக்கு எல்லாருக்கும் வந்திருக்கும். எனக்குன்னு என்ன வந்திருக்கும்?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. "நீ பேசுவ, நான் எழுதுவேன். மூணு வருஷமா அதான் நடந்துச்சு. எல்லாரும் உன் பேரத்தான் சொன்னாங்க. எனக்கும் ஒரு கதவுல பேரு எழுதியிருந்தா என்ன? வேணும்னு ஒரு நாளாவது நீ கேட்டியா?"

நான் கேட்டதில்லை. அது உண்மைதான். அதற்காக இப்படியா?

"என் தாள்ல மிச்சம் ரெண்டு இருக்கணுமே. அதக் குடு."

"பெட்டியில இருக்கு."

"பெட்டி எங்க?"

"அவருகிட்ட. சாவியோட குடுத்தாத்தான் வேலைன்னாரு."

முந்தானைபோல தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இந்த ஜனவரியிலும் எங்களோடு சேர்ந்து அவளும் ஐந்து தாளில் கையெழுத்துப் போட்டாள். ஏழு பேரில் அவளும் ஒருத்தி அல்லவா.

"உன் தாளு எத்தன மிச்சம் இருந்துச்சு?"

"மூணு," என்றாள். கை தானாகக் கழுத்துச் சிலுவையைப் பிடித்தது. கிடங்கு வாசலில் தோன் எலியோதோரோ தகரப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாருக்கோ கை கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கொமாத்ரே," என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. "இப்ப என்ன பண்றது? நீ சொல்லு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

கையை விடுவித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, பெர்னார்தா," என்றேன். பதினாலு வருடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.