இடது கைத் தையல்

கைவினைக் கண்காட்சிக்கு நடுவர்கள் மூன்று பேர்: ஒரு குயவர், ஒரு ஓவிய டீச்சர், ஒரு எம்ப்ராய்டரிக்காரி. அதில் எம்ப்ராய்டரிக்காரி மட்டும் துணியைக் கையில் எடுத்ததும் குப்புறக் கவிழ்ப்பாள். முன்பக்கம் எவளும் பவுடர் பூசிவிடலாம், பின்பக்கம்தான் சொந்த முகம் என்பது அவள் கட்சி.

அன்று அவள் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடியது தங்கையை. சமாச்சாரம் தெருவுக்கே தெரியும். போன முறை தங்கையின் துணி பரிசுக்கு நிற்கிற அளவு நன்றாக இருந்தது. "சொந்தத்துக்குக் குடுத்துட்டான்னு பேரு வரும்" என்று இவளே தள்ளிவிட்டாள். நேர்மை, நேர்மை என்று எல்லாரும் மெச்சினார்கள். தங்கை பேச்சை நிறுத்தினாள். மெச்சிய மகராசிகள் ஒருத்தியாவது இவள் காய்ச்சலில் படுத்தபோது எட்டிப் பார்த்தாளா என்றால் இல்லை.

தங்கை இந்த முறையும் அனுப்பியிருப்பதாக அவள் வீட்டுக்காரர் யாரிடமோ உளறியது இவள் காதுக்கும் வந்திருந்தது. துணிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இருந்தால் என்ன? தங்கை இடது கைக்காரி. அவள் போடும் தையல் எதிர்ப்பக்கம் சாயும். அக்காவுக்கு அது போதும்.

முதலில் வந்தது ஒரு மாதுளைக் கிளை. தையல் கோணிக்கொண்டு போனது. "ஸ்கூல் பிள்ளை வேலை" என்று சிரித்துவிட்டு ஒதுக்கினாள். ஒதுக்கினால் காரணத்தைச் சீட்டில் எழுதித் துணியில் மாட்ட வேண்டும் என்பது விதி. 'கை இன்னும் படியவில்லை' என்று எழுதினாள்.

அப்புறம் ஒரு மீன்கொத்தி. கவிழ்த்தாள். அத்தனை தையலும் எதிர்ச் சாய்வு. தங்கையேதான்.

"இதுக்குத்தான் முதல் பரிசு."

"அந்த மூங்கில் கூடை இதைவிட நல்லா இருக்கேம்மா" என்றார் குயவர்.

"நூலைப் பத்தி உங்களுக்கு என்னண்ணே தெரியும்? சக்கரத்தைச் சுத்துறதோட நிறுத்திக்குங்க."

ஓவிய டீச்சருக்குப் பசி. சரி என்று கை தூக்கிவிட்டாள்.

பெயர்களைப் பிரித்துப் படித்தார்கள். மீன்கொத்தி யாரோ ஒரு நர்ஸம்மாவுடையது. உலகத்தில் இடது கைக்காரி இன்னொருத்தியும் இருப்பாள் என்பது இவள் புத்தியில் ஏறவே இல்லை.

ஒதுக்கியவற்றை வாங்கிப் போக வந்தவர்களில் தங்கையும் இருந்தாள். மாதுளைக் கிளையை எடுத்தாள், சீட்டைப் படித்தாள். அக்காவின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

"படியலதான்க்கா. மாடிப்படியில விழுந்து இடது மணிக்கட்டு நொறுங்கிப்போச்சு. வலது கையால பழகிப் போட்டது. ஒரு தடவ வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அடியே, நான் உன்னோடதுன்னு நெனச்சு…"

"என்ன நெனச்ச?"

குயவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டீச்சரும் பார்த்தாள். நர்ஸம்மாவுக்கு மாலை வாங்க ஆள் போயாயிற்று.

"ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. "மார்க்கு போட்டா போட்டதுதான்."

"அதானே" என்று துணியைச் சுருட்டினாள் தங்கை. ஒற்றைக் கையால் சுருட்ட வரவில்லை. டீச்சர் போய்ப் பிடித்துக்கொடுத்தாள்.

தங்கை வெளியே போனதும் குயவர் சொன்னார்: "தங்கச்சின்னுகூடப் பாக்கலியேம்மா. உங்கள மாதிரி நேர்மை யாருக்கு வரும்!"