ஒரு வாய் தேத்தண்ணி

மலைமேல் இருந்த விடுதியை மே மாதம் முடியுமுன் திறந்தே ஆகவேண்டும் என்று சுவிஸின் துன் நகரத்து ஹோட்டல் முதலாளி அடம்பிடித்தார். கேபிள் கார் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஜன்னல்களைத் திறந்து மெத்தைகளைக் காயப்போட, கோப்பை கழுவும் யோகராஜாவையும் மரக்கறி வெட்டும் தம்பித்துரையையும் நடந்தே போகச் சொல்லிவிட்டார்.

இரண்டு பேருக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஊர். அங்கே தம்பித்துரை வீட்டுக் கிணற்றில் யோகராஜாவின் ஆட்கள் தண்ணீர் அள்ள முடியாது. இங்கே கிணறு இல்லை, குழாய்தான். அதனால் தம்பித்துரை தன் சாதியை வாயில் வைத்துக் காப்பாற்றினார். சுவிஸ்காரன் குடித்து மிச்சம் விட்ட வைனை அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். யோகராஜா போட்ட தேத்தண்ணியை மட்டும் "இப்பதான் குடிச்சனான்" என்று தள்ளிவிடுவார். வந்த நாளிலிருந்து இதே கதை. ஒரு நாளைக்காவது தான் போட்டதை இந்த மனுசன் ஒரு வாய் குடிக்கவேண்டும் என்று யோகராஜாவுக்கு வைராக்கியமே பிடித்துவிட்டது. மானங்கெட்ட ஆசை என்று அவனுக்கே தெரியும். இருந்தும் அன்றைக்கும் பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தான்.

காட்டைத் தாண்டியதும் பாதையைக் காணவில்லை. கீழே புல் பச்சையாகக் கிடக்க, இங்கே நிழல் விழுந்த பக்கமெல்லாம் பழைய பனி. யோகராஜா முன்னால் மிதித்து வழி போட்டான். தம்பித்துரைக்குக் குட்டைக் கால். அவருக்கு எட்டட்டும் என்று அடியைச் சுருக்கி வைத்தான். அவரும் கூச்சமில்லாமல் அந்தத் தடத்திலேயே காலை வைத்து வந்தார். காலுக்குச் சாதி இல்லை போலும்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ, அண்ணை?"

"இப்ப வேண்டாம். நீ நட."

தாகத்துக்குப் பனியை அள்ளித் தின்றார். தின்னத் தின்ன உதறல் கூடியது. போதாததற்கு, குறுக்குவழி என்று தடத்தை விட்டு விலகினார். பனிக்குக் கீழே ஓடை. இடுப்புவரை இறங்கிவிட்டார்.

யோகராஜா பையை எறிந்துவிட்டு ஓடிவந்தான். கோட்டைக் கழற்றி, குப்புறப் படுத்து, அதன் நுனியைப் பிடிக்கக் கொடுத்து, மூச்சு முட்ட இழுத்தான். வெளியே வந்தவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. தோளில் தொங்கிய பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் ஊற்றி நீட்டினான். மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார். இன்னும் கேட்டு வாங்கிக் குடித்தார். யோகராஜாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இனி மேலே போக ஏலாது, திரும்புவோம் என்று முடிவாயிற்று. எறிந்த பையை எடுக்க யோகராஜா போனான். எடுத்துக்கொண்டு திரும்பியபோது தம்பித்துரை குந்தியிருந்து, பனியை அள்ளி வாயில் போட்டுக் கொப்பளித்துத் துப்பினார். பிறகு மறுபடியும் அள்ளினார். வெள்ளைப் பனியில் எச்சில் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது.

யோகராஜாவுக்குக் காது சுட்டது. பையை மாட்டிக்கொண்டு இறங்கினான். வெயிலில் பனி இளகிவிட்டது. ஏறிவந்த தடங்கள் எல்லாம் இடிந்து கிடந்தன. இந்த முறை அவன் தன் நீளக் காலுக்கே அடி வைத்தான்.

பின்னால் தம்பித்துரை தொப்பென்று விழுந்தார்.

"தம்பி," என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தரம். "கொஞ்சம் கிட்டக்கிட்ட வை. எனக்கு எட்டுதில்லை."

யோகராஜா நின்றான். திரும்பவில்லை.

"வேண்டாம், தம்பித்துரை. என்ர தடத்தில வைச்சால் பிறகு காலையும் கழுவவேணும்."

காடு வரும்வரை எட்டி எட்டியே நடந்தான்.